ஈர விறகு

மரியசூசை சட்டையைக் கழற்றும்போதே
அறை முழுக்கக் கற்பூர மர வாசனை.
அரவேணுத் தேயிலை ஃபேக்டரியில்
இருபத்தாறு வருடம் கொதிகலனுக்குத் தீனி போட்டவர்.
நெஞ்சு மயிர் நுனி கருகிச் சுருண்டிருக்கிறது.
உறிஞ்சு குமிழ் பிடிக்காமல் நழுவுகிறது.
ஜெல்லி பட்டதும்
"குளுருதும்மா" என்கிறார்,
தீயின் பக்கத்திலேயே வாழ்ந்த ஆள்.

தாள் ஓடுகிறது.
வினாடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர்.
நான் முதலில் தேடுவது அந்தச் சின்ன மேட்டை.
சிகரம் எழுவதற்கு முன்
மேலறை ஒருமுறை கதவைத் தட்டும், அதை.
இல்லை.
மூன்று வருடமாகவே இல்லை.
அந்த இடத்தில்,
மூடுபனியில் கட்டபெட்டு வளைவுகளில்
எது ஏறுகிறது எது இறங்குகிறது என்று தெரியாமல்
எல்லா வண்டியும் ஹாரன் அடிப்பது போல
ஒரு நடுக்கம்.
சிகரங்கள் தமக்குத் தோன்றியபோது எழுகின்றன.
இரண்டு, முட்டி மோதிக்கொண்டு.
பிறகு ஒரு வெறுமை.
அது நீளும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

"உள்ள என்னத்தம்மா எரிக்குது இது?"

வரும்போதெல்லாம் இதே கேள்வி.
டாக்டரைக் கேட்டால்
செவ்வாய் வெள்ளி அரை மாத்திரை,
மற்ற நாள் முழுசு என்பார்.

இன்று மழை. வெளியே பெஞ்சு காலி.
ஓடி முடித்த தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தேன்,
ஓர் இதயச் செல்.
அதற்குள் மொச்சை மொச்சையாய்
ஆயிரக்கணக்கில் அடுப்புகள்.
கொழுப்புதான் இதற்குப் பிடித்த விறகு,
நின்று எரியும் என்றேன்.
மேலறை நிமிடத்துக்கு நானூறு தடவை
உதறிக்கொண்டே இருந்தால்
விறகைச் செரிக்க அடுப்புக்கு நேரமில்லை,
காற்றும் பற்றாது.
அப்போது சர்க்கரையைச் சுள்ளி போல அள்ளிப் போடுகிறது.
குப்பென்று பிடிக்கும், வயிறு நிறையாது.
அடுப்புகள் வீங்கி விரிசல் விடும்.
கால்சியத்தைக் கிடங்கில் பூட்டி வைக்கிற
காவலுக்குக் கூலி இருக்காது.
கசியும்.
கசிந்த இடத்தில், யாரும் கூப்பிடாமலே
ஒரு துடிப்பு எழுந்து நிற்கும்.

"ஈர வெறகு" என்றார் மரியசூசை,
கூரையைப் பார்த்தபடி.

"ஆடி மாசம் நனஞ்ச சீகையத்தான் போடச் சொல்வாங்க.
பொகையும். பொகைபோக்கியில கரி ஏறும்.
இழுவை கொறஞ்சிரும்.
அப்புறம் காஞ்ச வெறகு வந்தாலும்
ஈர வெறகாட்டம்தான் எரியும் தாயி.
மேனேஜர் வெறக ஏசுவாரு."

குமிழ்களைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதுல மொத கெட்டது எது?
துடிப்பா, அடுப்பா?"

தெரியாது என்றேன்.
தெரிந்தவர்கள் என்று நான் நம்புகிறவர்களும்
'இருக்கலாம்' என்றுதான் எழுதுகிறார்கள் என்றேன்.
அந்த 'இருக்கலாம்' அவருக்குப் பிடித்துவிட்டது.
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

பிறகு எழுந்து உட்கார்ந்து,
நெஞ்சில் பதிந்த ஆறு சிவப்பு வட்டங்களை
ஒவ்வொன்றாய்த் துடைத்தபடி,
"ஃபேக்டரியில ஒரு ஞாயித்துக்கெழம நிறுத்தி
ஆற விட்டு
ஆள் உள்ள எறங்கிச் சொரண்டிட்டு வருவோம்.
இத எப்ப நிறுத்துறது?" என்றார்.

கேலியாகத்தான்.
ஆனால் இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

பட்டனை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டார்.
படம் வரைந்த தாளை நாலாய் மடித்துப்
பீடிக்கட்டு இருந்த பையில் வைத்தார்.
படியிறங்கும் சத்தம் கேட்டது.
நான்கு, ஐந்து,
நின்று,
ஆறு.

டாக்டர் கேட்பார்,
இன்றைய ஈசிஜி எங்கே என்று.
அது அரவேணுப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது,
பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடிக்கப்பட்டு.